உரிமை கிடைத்தாயிற்று, தட்டச்சு செய்வது யார்?

ஓர் எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டதாக அரசு அறிவித்தால் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கிடைக்கும், பதிப்பாளர்கள் சுறுசுறுப்பாவார்கள். கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமையான பிறகு ‘பொன்னியின் செல்வன்’ எத்தனை அட்டைகளில், எத்தனை விலைகளில் வந்தது என்பது புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அதே நாட்டுடைமைப் பட்டியலில் இருக்கும், அவ்வளவாக விற்காத ஆசிரியர்களின் கதை வேறு. அவர்களை அச்சிட யாருக்கும் தடையில்லை. அச்சிடத்தான் யாரும் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டது பாரதியின் எழுத்து. அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டு இடம்பெற, வழக்கு மூண்டது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று ஊரே கேட்க ஆரம்பித்தது. 1949இல் அரசு உரிமையை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் தம் பங்குக்குப் பணம் வாங்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த எழுத்து பொதுமக்கள் சொத்தாயிற்று. அமெரிக்காவில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ படைப்புகளைப் பொதுவில் பகிர வழிசெய்யும் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது 2002இல்தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம்மிடம் இது நடந்திருக்கிறது.

நடந்தும் என்ன, அச்சுப் பிரதி தேடி அலைந்தவர் அலைந்தபடிதான் இருந்தார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். வெவ்வேறு நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்தையும் பக்தி நூல்களையும் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். இன்னொருவர் பிழை திருத்துவார். யூனிகோடு பரவாத காலம் அது. ஆளுக்கொரு எழுத்துரு, ஒருவர் அடித்தது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துக் குறியீடு மாறியபோதெல்லாம் கோப்புகளையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு குறிப்பு இருக்கும்: இந்த முகப்பை நீக்காமல் யாரும் யாருக்கும் தரலாம். உழைத்தவர் பெயர் நிற்கட்டும், நூல் நடக்கட்டும் என்பதுதான் பொருள். சட்டம் படித்தவர்கள் பின்னால் பக்கம் பக்கமாக எழுதியதை இங்கே ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒளிவருடி வைத்திருந்த 2,000க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் 2016 வாக்கில், தன்னார்வலர்கள் வளர்க்கும் இலவச இணைய நூலகமான விக்கிமூலத்துக்கு வந்தன. அங்கே வேலை நடக்கும் விதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பழைய தாளின் படம், பக்கத்தில் கணினி தானாகப் படித்தெடுத்த எழுத்து. கணினிக்கு ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும், ஒற்றுப் புள்ளியை அழுக்கென்று விட்டுவிடும். பழைய ‘ணை’, ‘லை’ வடிவங்களைக் கண்டால் திணறும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சளாகும், வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. தமிழ்ப் பதிப்பகங்களில் எத்தனை இப்படி இரண்டு கண்களை வைத்து மெய்ப்புப் பார்க்கின்றன என்று கேட்டால் பலருக்குக் கோபம் வரும்.

தம் நூலைத் தாமே பொதுவில் வைக்க உரிமம் தருகிறவர்களிடமும் ஒரு தயக்கம் உண்டு. ‘எல்லோரும் படிக்கட்டும், யாரும் காசு பார்க்க வேண்டாம்’ என்று வணிகத் தடை போட்டுவிடுகிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் விக்கிப்பீடியாவும் விக்கிமூலமும் அப்படிப்பட்ட நூலைச் சேர்த்துக்கொள்ளாது. ஊர்க் கடையில் ஐம்பது பிரதி அடித்து அடக்க விலைக்கு மேல் பத்து ரூபாய் வைத்து விற்பவரும் தயங்குவார். பெயரைச் சொல்லு, மாற்றினால் அதையும் இதே நிபந்தனையில் பொதுவில் வை என்ற உரிமமே போதும் என்பது என் கட்சி. பெரிய நிறுவனம் அச்சடித்து விற்றாலும் அதே நூல் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது விலையை எவ்வளவு ஏற்றிவிட முடியும்?

இலங்கைத் தமிழரின் ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, ஒரே பிரதியாக இருக்கும் புத்தகம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சிற்றிதழ், கோயில் மலர், பள்ளி ஆண்டுமலர் என்று எதையும் அவர்கள் விடுவதில்லை. எழுதியவர்களிடம் கேட்டு அனுமதி பெறுகிறார்கள். சேகரிப்பதைவிட இந்தக் கேட்கும் வேலைதான் பெரிது.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1990இல் மறைந்த, மறுபதிப்பே காணாத ஒருவரின் நாவல் 2051 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுக்கு வரும். அதுவரை வாரிசைத் தேட வேண்டும். மகன் வெளிநாட்டில், பேத்திக்குத் தாத்தா எழுதினார் என்பதே தெரியாது, பதிப்பகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. உரிமையாளர் அகப்படாத நூலுக்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. நாளேட்டில் விளம்பரம் கொடுக்க வேண்டும், மனுப் போட வேண்டும், நிர்ணயிக்கும் உரிமைத்தொகையைக் கட்ட வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் சம்பளமில்லாமல் ஒற்றுப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பவர், அதற்காக ஒரு வக்கீலையும் அமர்த்திக்கொள்ள வேண்டும்.