படலை பூட்டியிருந்தாலும் உடல் அசையட்டும்

கொரோனா பரவலைத் தடுக்க, 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திருகோணமலையில் டச்பே கடற்கரையில் காலையில் நடப்பவர்கள், பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு மேடேறுபவர்கள், மக்கெய்சர் விளையாட்டரங்கில் பந்தடிக்கும் இளைஞர்கள் என எல்லோரும் வீட்டுப் படலைக்குள் அடங்க வேண்டியதாயிற்று.

உலகமே அப்படித்தான் இருந்தது. 187 நாடுகளில் கைப்பேசிச் செயலியில் பதிவான காலடிகளை எண்ணிய ஓர் ஆய்வு, பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் மக்களின் நடை 27.3 சதவீதம் குறைந்ததைக் கண்டது. இந்தக் குறைவைச் சிறிதாக நினைக்கக் கூடாது. தென் கலிபோர்னியாவில் 48,440 கொரோனா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, தொற்றுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, வாரம் 150 நிமிடம் இயங்கியவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்காக இருந்தது.

உடலை இயக்க ஜிம்மும் வேண்டாம், கருவிகளும் வேண்டாம். இதைத் தெளிவாகச் சொல்லும் பழைய ஆய்வு ஒன்று துறைமுகத்தில் நடந்தது என்பது திருமலை வாசகருக்குப் பிடிக்கும். அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் பாஃபன்பார்கர், சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1975இல் முடிவுகளை வெளியிட்டார். மூட்டை தூக்கும் கடும் வேலை செய்தவர்களிடையே மாரடைப்பு மரணம், இலகுவான வேலை செய்தவர்களிடையே இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்க உழைப்பது, ஆறுவது, மறுபடி உழைப்பது என்ற முறைதான் அவர்களைக் காத்திருக்கலாம் என்று அவர் கருதினார். அந்த முறை வீட்டிலும் முடியும். கிணற்றில் தண்ணீர் அள்ளலாம், படிகளில் ஏறி இறங்கலாம், கதிரையில் இருந்து பத்துத் தரம் எழுந்து உட்காரலாம்.

மூன்று வேளையும் சோறோ இடியப்பமோ உண்ணும் நமக்கு உடலை அசைக்க இன்னொரு காரணமும் உண்டு. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளிழுக்கிறது. உடற்பருமன் கொண்டவர்களிடம் 2012இல் வெளியான ஓர் ஆவுஸ்திரேலிய ஆய்வு, 20 நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து 2 நிமிடம் நடந்தாலே உணவுக்குப் பின் சீனி ஏறுவது கணிசமாகக் குறையும் என்று காட்டியது. நீரிழிவுக்காரர் உள்ள வீடுகளில் தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளையை இதற்கு ஒதுக்கினால் போதும்.

கொரோனாவுக்கு முன்பே இந்த மாவட்டம் இன்னொரு கொள்ளைநோயைக் கண்டது. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே இம்மாவட்டத்தின் கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரமளவு எடுக்கும். ஆகவே வாரம் ஒரு தரம் வளவைக் கூட்டி, சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர் எல்லாவற்றையும் அகற்றி, பூச்சாடித் தட்டைத் தேய்த்துக் கழுவினால் நுளம்பின் சுழற்சி அறுந்துபோகும். இந்த வேலைக்குச் சும்மா இருப்பதைப்போல் மூன்று, நான்கு மடங்கு சக்தி செலவாகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கில் இதுவும் சேரும். வீட்டின் ஆண்களும் தும்புத்தடியைக் கையில் எடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடம் வேண்டும். முற்றத்தில் கயிறடிக்கலாம், எட்டுக்கோடு விளையாடலாம். அறுபத்தைந்து கடந்தவர்கள் விழுந்துவிடாதிருக்க, சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்வது நல்லது.

காய்ச்சல் தொடங்கிவிட்டால் இதெல்லாம் பொருந்தாது. அப்போது தேவை ஓய்வு. டெங்கில் காய்ச்சல் குறையும் நேரமே ஆபத்தானது. அந்த நேரத்தில் வயிற்று வலியோ தொடர் வாந்தியோ வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.