ஏழு கன்னியர் மலையில் ஓர் இரவு



நோட்டன் பிரிட்ஜ் வழியாகப் பயணம் செய்தவர்கள் ஏழு கன்னியர் மலையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு விமானத்தின் டயர் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருப்பதையும் சிலர் கண்டிருக்கக்கூடும்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள். திருவருகைக் காலத்தின் முதல் வாரம். இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து மக்காவுக்குப் புனிதப் பயணம் புறப்பட்ட 182 இஸ்லாமியச் சகோதரர்களைச் சுமந்துகொண்டு, மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் டி.சி.8 விமானம் கட்டுநாயக்காவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பணியாளர் ஒன்பது பேர். கட்டுநாயக்காவை அண்மித்துவிட்டோம் என்று விமானிகள் முழுமையாக நம்பினார்கள். விமான நிலையம் கண்ணுக்குத் தெரிந்ததும் அறிவிக்குமாறு கட்டுப்பாட்டு நிலையம் கூறியிருந்தது. அந்த அறிவிப்பு வரவேயில்லை. இரவு பத்து மணி கடந்த வேளையில் விமானம் இந்த மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பலிகொண்ட விமான விபத்து இதுவே.

விமானிகள் கவனமற்றவர்களா? அப்படிச் சொல்லிவிடுவது எளிது. விசாரணை கூறியது வேறு. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பித் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான நிலையில் இருப்பதாகவே அவர்கள் எண்ணினார்கள். ராடார் திரை ஊரின் பெயரைச் சொல்வதில்லை. அதில் தோன்றும் வடிவங்களுக்குப் பொருள் கொடுப்பவன் மனிதன். விமான நிலையத்தை எதிர்பார்த்து அமர்ந்திருப்பவனுக்கு, இருளில் எழுந்து நிற்கும் மலை எங்கே நினைவுக்கு வரப்போகிறது?

எம்மாவு நோக்கி நடந்த சீடர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். இஸ்ரயேலை மீட்பவர் எப்படி இருப்பார் என்று அவர்கள் முன்பே வரைந்து வைத்திருந்தார்கள். சிலுவையில் இறந்தவருக்கு அந்தச் சித்திரத்தில் இடமில்லை. ஆகவே ஆண்டவர் கூடவே நடந்தும் அவர்கள் அறிந்துகொள்ளவில்லை. கல்லறையருகே மகதலா மரியாவும் தோட்டக்காரரைத்தான் கண்டார்.

நான் குருவான தொடக்க ஆண்டுகளில் ஒரு தோட்டப் பங்கில் பணியாற்றினேன். மழை பெய்த ஒரு மாலையில் அறைவீட்டு வாசலில் ஒருவர் தள்ளாடியபடி நின்றார். கண்கள் சிவந்திருந்தன, நாக்குக் குழறியது. அன்று சம்பள நாள். "சாமி, அம்மாவுக்கு…" என்று தொடங்கினார். "இப்போது போய், நாளை வாருங்கள்" என்று கதவைச் சாத்தினேன். சம்பள நாள் மாலையில் தோட்டத்து ஆண் ஒருவர் எப்படி இருப்பார் என்பது எனக்குத் தெரியும் அல்லவா! மதுவின் வாடை வீசியதா என்று முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கோவில்பிள்ளை சொன்னார். அவர் குடிப்பழக்கமே இல்லாதவராம். மேற்பிரிவு லயத்தில் தாயின் அருகே இரண்டு இரவுகள் கண்விழித்து, காய்ச்சலோடு, உண்ணாமல், மழையில் நடந்து இறங்கி வந்திருக்கிறார். நோயில் பூசுதலுக்கு என்னை அழைத்துச்செல்ல வந்தவர். தாய் அன்றிரவே இறந்துவிட்டார்.

அடக்கத் திருப்பலியில் அவர் முன்வரிசையில் இருந்தார். நற்கருணை வழங்க நான் அருகே சென்றபோது, என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கைகளை நீட்டினார்.