பிள்ளை எங்கே என்று தேட வேண்டாத ஊர்

தாங்கள் வாழும் இடத்தைப் பற்றிப் பெற்றோர் பேசும்போது முதலில் சொல்வது வசதிகளைத்தான். நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, பேருந்து வசதி உண்டு, மருத்துவமனைக்கு அதிக தூரம் இல்லை என்பார்கள். இவை எல்லாம் தேவையானவையே. ஆனால் இன்னும் சற்றுப் பேசவிட்டால் வேறொரு பதில் வரும். "நாங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பிள்ளையைப் பற்றிக் கவலை இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள்" என்பதே அது. வீடு சிறியதாக இருந்தாலும், தெரு குறுகியதாக இருந்தாலும், பெற்றோருக்கு ஓர் ஊரைப் பிடித்துப்போகச் செய்வது பெரும்பாலும் இந்த நிம்மதிதான். நமது கடற்கரை ஊர்களை எடுத்துக்கொண்டு இதைப் பற்றிச் சிந்திப்போம்.

கடற்கரையில் ஒரு நாள்

கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்டங்களின் மீனவ ஊர்களில், சிறு படகுகளில் தொழில் செய்யும் தந்தையர் பலர் விடியுமுன்பே கடலுக்குப் போய்விடுகிறார்கள். படகுகள் கரைக்கு வந்து மீன் ஏலம் முடிந்ததும், மீன் விற்கும் தாய்மார்கள் கூடையோடு சந்தைக்குப் புறப்படுகிறார்கள். பிள்ளைகள் எழுந்து பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் சில வீடுகளில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. தூத்தூர் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் தந்தையரோ வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை.

அப்படியானால் இப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார்? பாட்டி தலைவாரிவிடுகிறார். அடுத்த வீட்டுச் சித்தி தன் பிள்ளைகளோடு சேர்த்து இவர்களுக்கும் சாப்பாடு போடுகிறார். கரையில் அமர்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்யும் பெரியவர், அலையில் இறங்கும் சிறுவனை அதட்டிக் கூப்பிடுகிறார். மாலையில் மணலில் கால்பந்து விளையாடும் பிள்ளைகள்மீது குருசடி அருகே அமர்ந்திருக்கும் முதியோரின் பார்வை இருக்கிறது. கோவில் மணி அடித்ததும் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்த ஒழுங்கு.

இந்த ஏற்பாடு தானாக அமைந்துவிடவில்லை. இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, வீடுகள் நெருக்கமாகவும் ஒன்றையொன்று பார்த்தபடியும் இருப்பது. மணல் நிறைந்த குறுகிய சந்துகளில் வண்டிகள் வேகமாகப் போக முடியாது. இரண்டாவது, பக்கத்து வீடு பெரும்பாலும் உறவினர் வீடாக இருப்பது. மூன்றாவது, வேலையின் பெரும்பகுதி வெளியில் நடப்பது. வலை, படகு, மீன் உலர்த்துதல் எல்லாம் திறந்த வெளியில் நடப்பதால், பெரியவர் ஒருவராவது எப்போதும் பிள்ளைகளின் அருகில் இருக்கிறார்.

நாசரேத்தூர்ப் பெற்றோரின் முதல் நாள்

லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில், 12 வயதுச் சிறுவன் இயேசு எருசலேமில் தங்கிவிட்ட நிகழ்ச்சியை வாசிக்கிறோம். மரியாவும் யோசேப்பும் பட்ட வேதனையையும், மூன்று நாள்களுக்குப் பின் கோவிலில் மகனைக் கண்டதையும் பற்றி நாம் அடிக்கடி சிந்தித்திருக்கிறோம். ஆனால் அந்தப் பயணத்தின் முதல் நாளை அதிகம் கவனிப்பதில்லை. அன்று முழுவதும் அவர்கள் தேடவே இல்லை. மகன் பயணக் கூட்டத்தில்தான் இருப்பான் என்று எண்ணி ஒரு நாள் தொலைவு நடந்துவிட்டார்கள்.

அவர்கள் அக்கறையற்ற பெற்றோரா? இல்லவே இல்லை. உறவினரும் ஊராரும் ஒன்றாகச் செல்லும் அக்கூட்டத்தில், தம் பிள்ளையை எல்லாரும் தங்கள் பிள்ளையாகவே பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. மகனைக் காணவில்லை என்று தெரிந்ததும், முதலில் உறவினரிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடினார்கள். பின்பு தாங்களே எருசலேமுக்குத் திரும்பிச் சென்றார்கள். ஊரார்மீது நம்பிக்கை, பெற்றோரின் பொறுப்பு ஆகிய இரண்டும் திருக்குடும்பத்தில் இணைந்திருந்தன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் ஏட்டில், சிறு குடும்பம் தனித்து நில்லாமல் தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, அண்டை வீட்டார் ஆகியோரோடு சேர்ந்து வாழ வேண்டிய தேவையைச் சுட்டிக்காட்டியுள்ளார்.

வீடு கிடைத்தது, அண்டை வீடு போனது

இந்த நிம்மதியின் மதிப்பு, அதை இழக்கும்போதுதான் தெரிகிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற ஊர்கள் பெரும் துயரத்தைச் சந்தித்தன.

2005 மார்ச் மாதம் தமிழக அரசு தன் வீட்டுத் திட்டத்தை அறிவித்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தவர்கள் அதற்கு அப்பால் குடிபெயரச் சம்மதித்தால், 1.5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசமாகக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. அரசும் தொண்டு நிறுவனங்களும் திருச்சபை அமைப்புகளும் கான்கிரீட் வீடுகளைக் கட்டிக்கொடுத்தன. ஓலைக் குடிசையில் மழைக்கும் தீக்கும் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய உதவி. அதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆயினும் புதிய குடியிருப்புகள் சிலவற்றில் வேறொரு குறை மெல்லத் தெரிந்தது. வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. உட்கார்ந்து பேசத் திண்ணையோ நிழலோ இல்லை. குலுக்கல் முறையில் வீடுகள் ஒதுக்கப்பட்ட இடங்களில், முன்பு அடுத்தடுத்து வாழ்ந்த அக்காளும் தங்கையும் வேறு வேறு வரிசைகளுக்குப் போனார்கள். தந்தையின் தொழில் கடற்கரையில், பிள்ளைகள் உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்பில் என்றானது. சந்தைக்குப் போகும் தாய், "பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்குப் பழகிய முகம் பக்கத்தில் இல்லை. சுவர் உறுதியானது, ஆனால் சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் போனது. வேலைக்காக நகரத்துக்குக் குடிபெயர்ந்து, அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் குடும்பங்களின் நிலையும் இதுவே அல்லவா?

கண்மூடித்தனமான நம்பிக்கை வேண்டாம்

இதைச் சொல்லும்போது இரண்டு உண்மைகளை மறைக்கக் கூடாது. முதலாவது, தெரிந்தவர் எல்லாரும் நல்லவர் என்று சொல்லிவிட முடியாது. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைகளிடம் பாலியல் முறையில் தவறாக நடந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்களே. எனவே எந்த மாமாவைப் பற்றியும், எந்த அண்ணனைப் பற்றியும் வீட்டில் வந்து சொல்லலாம் என்ற துணிவைப் பிள்ளைக்குத் தர வேண்டும். குடும்ப மானம் போய்விடும் என்று மூடிமறைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் நம் பிள்ளைகளைக் காக்கவே உள்ளன.

இரண்டாவது, ஊரின் கண் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை. மகன் இருட்டும்வரை மணலில் விளையாடலாம். மகள் பருவமடைந்ததும் வாசல்படியே எல்லை என்ற வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. அவளைக் காக்க வேண்டிய கண்கள் அவளைக் குறைகூறும் கண்களாக மாறிவிடுகின்றன. ஊர் தரும் நிம்மதி, மகளுக்கும் கிடைத்தால்தான் முழுமை பெறும்.

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோர் விரும்பும் இந்த நிம்மதியைக் கடையில் வாங்க முடியாது. வாசலில் கேமரா வைக்கலாம். அது நடந்ததைக் காட்டும். பசித்த பிள்ளைக்குச் சோறு போடாது. ஒவ்வொரு வீட்டாரும் தம்மால் ஆனதைக் கொடுத்தால் மட்டுமே அந்த நிம்மதி உருவாகும்.

- நம் அன்பியத்தைச் சேர்ந்த வீடுகளில் உள்ள பிள்ளைகள் அனைவரின் பெயரும் நமக்குத் தெரியுமா? அடுத்த அன்பியக் கூட்டத்தை அவர்களை அறிந்துகொள்வதற்கு ஒதுக்கலாம்.
- மாலை நேரத்தில் ஆலய வளாகத்தைச் சிறுவருக்கும் சிறுமியருக்கும் விளையாடத் திறந்துவிட்டு, பெரியவர்கள் முறைவைத்து அங்கு இருக்கலாம்.
- தந்தை கடலிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகளில், தாய் கேட்பதற்கு முன்பே உதவ முன்வரலாம்.
- புதிதாகக் குடிவந்த குடும்பத்தை முதல் வாரத்திலேயே சென்று சந்திக்கலாம்.
- எங்கேனும் மக்களைக் குடியமர்த்தும் திட்டம் வந்தால், குலுக்கலுக்குப் பதிலாகத் தெருத்தெருவாக, உறவுகள் பிரியாமல் வீடு ஒதுக்கும்படி பங்குப் பேரவை வழியாகக் கேட்கலாம்.

நம் பிள்ளையை ஊரார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பும் நாம், ஊரார் பிள்ளையை எப்படிப் பார்க்கிறோம்? இன்று மாலை நம் தெருவில் விளையாடும் ஒரு பிள்ளையிடம் பெயரைக் கேட்டு, "சாப்பிட்டாயா?" என்று விசாரிப்போம். எங்கோ வேலையில் இருக்கும் அதன் தாய்க்கு நாம் தரும் நிம்மதி அங்கே தொடங்கட்டும்.