விமானி செய்த தப்பா? விசை செய்த தப்பா?

விமான விபத்து நடந்தால் "யார் செய்த தப்பு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். விமானி மீது பழி விழும். அத்தோடு விசாரணை முடிந்துவிடும்.

அந்தக் கேள்வி மட்டும் போதாது என்பதை இரண்டு சின்ன விசைகள் காட்டிக் கொடுத்தன!

இறங்கிய பிறகு விபத்து

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். அமெரிக்காவின் "பி-17" குண்டுவீச்சு விமானங்கள் ஓடுபாதையில் பத்திரமாக இறங்கும். இறங்கிய பிறகு, திடீரென்று சக்கரங்கள் மடங்கிவிடும்! விமானம் வயிற்றால் தரையைத் தேய்த்துக்கொண்டு போய் நிற்கும்.

விமானியே சக்கரத்தை மடக்கும் விசையைத் தட்டியிருந்தார். "விமானியின் கவனக்குறைவு" என்று எழுதி வைத்தார்கள். ஆனால், விபத்துகள் நிற்கவில்லை.

இரட்டைப் பிள்ளைகள்

அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற மனோதத்துவ நிபுணர், 1943-ம் ஆண்டு வாக்கில் இதை ஆராய்ந்தார். "டகோட்டா" விமானிகள் மட்டும் இந்தத் தப்பைச் செய்யவில்லை! அது ஏன்?

விமானி அறையில் விடை கிடைத்தது.

வேகத்தைக் குறைத்து இறங்குவதற்காக, இறக்கையின் பின்பக்கம் பலகை போன்ற பாகத்தைக் கீழே இறக்குவார்கள். அதற்குப் "பிளாப்" என்று பெயர். தரையைத் தொட்ட பிறகு அதை மேலே தூக்க வேண்டும்.

பி-17 விமானத்தில் பிளாப்புக்கு ஒரு விசை. சக்கரத்துக்கு ஒரு விசை. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே உருவம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தன! டகோட்டாவில் இரண்டும் வேறு வேறு மாதிரி. தள்ளித் தள்ளி இருந்தன.

உப்பையும் சீனியையும் ஒரே மாதிரி டப்பாக்களில் போட்டு, அருகருகே வைத்துவிட்டு, காப்பியில் உப்பு விழுந்தால் வீட்டுக்காரியை ஏசலாமா?

ரப்பர் சக்கரம்

சப்பானிஸ் யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை. சக்கர விசையின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றைப் பொருத்தச் சொன்னார். பிளாப் விசைக்கு ஆப்பு வடிவம். தொட்டாலே தெரிந்துவிடும்!

இன்றும் பயணிகள் விமானத்தில் சக்கரக் கைப்பிடி சக்கர வடிவத்தில்தான் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி.

583 பேர் பலி

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் டெனெரிப் தீவில், ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதின. 583 பேர் மாண்டார்கள்.

அனுமதி கிடைக்கும் முன்பே ஒரு விமானி புறப்பட்டது உண்மை. ஆனால், அது மட்டுமா காரணம்?

வேறொரு நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் அங்கே திருப்பி விடப்பட்டு நெரிசல். கண்ணை மறைக்கும் மூடுபனி. இருவர் ஒரே நேரத்தில் பேசியதால் ரேடியோவில் எச்சரிக்கை சரியாகக் கேட்கவில்லை. உடன் இருந்த ஊழியர் சந்தேகப்பட்டுக் கேட்டும், தலைமை விமானி அதைப் பொருட்படுத்தவில்லை. எல்லாம் ஒன்றுகூடின!

அதன் பிறகு, ரேடியோவில் பேசும் முறை திருத்தப்பட்டது. "சந்தேகம் வந்தால் மேலதிகாரியிடமும் துணிந்து சொல்" என்று விமான ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது.

"யார் செய்த தப்பு?" என்று கேட்டால், ஓர் ஆள் அகப்படுவார். "தப்பு எதனால் வந்தது?" என்று கேட்டால், அடுத்த விமானம் தப்பும்!