ஊதுபத்திக்குப் பூட்டு, குச்சிக்கு வரி: யாருக்கு லாபம்? யாருக்கு அடி?

புதுச்சேரி:

புதுச்சேரிக்கு வரும் டூரிஸ்ட்டுகள் ஊருக்குத் திரும்பும்போது பையில் கட்டாயம் இருக்கும் சரக்கு ஊதுபத்தி. ஆஸ்ரம ஊதுபத்தி, பக்கத்தில் உள்ள ஆரோவில் ஊதுபத்தி என்றால் தனி மவுசு. ஆனால் அந்த ஊதுபத்திக்குள் இருக்கிற மூங்கில் குச்சி எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு பெரிய வரிச் சண்டையே அடங்கி இருக்கிறது.

"வெளிநாட்டு சரக்குக்கு எல்லாம் வரியைத் தீட்டு, நம்ம ஆளு பிழைச்சுக்குவான்" என்று டீக்கடையில் சொல்லிவிடலாம். எதுக்குப் போடணும், எதுக்குப் போடக்கூடாது என்று பார்த்தால்தான் தலை சுற்றும். கணக்கு தப்பினால் கூலிக்காரர் வயிற்றில்தான் அடி விழும்.

பத்தியைத் தடுத்தால் குச்சி வந்தது

வியட்நாம், சீனாவில் இருந்து ஊதுபத்தி மலிவு விலையில் வந்து இறங்கியது. ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு கூலி என்று வீட்டு வாசலில் உட்கார்ந்து உருட்டும் பெண்களின் பிழைப்புக்கு இது வேட்டு வைத்தது. 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி மத்திய அரசு கடிவாளம் போட்டது. லைசென்சு இல்லாமல் ஊதுபத்தியை இறக்குமதி செய்ய முடியாது என்று உத்தரவு வந்தது.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த பிரச்சினை. பத்தியை நிறுத்தியதும் குச்சி வர ஆரம்பித்தது. கையால் உருட்ட சதுரக் குச்சி போதும். மெஷினில் உருட்ட உருண்டைக் குச்சி வேண்டும். அது வெளிநாட்டில் இருந்து வந்து குவிந்தது. காதி கிராமத் தொழில் ஆணையம் குரல் கொடுத்தது. 2020 ஜூன் மாதம் குச்சிக்கான சுங்க வரி 10 சதவீதத்தில் இருந்து 25 சதவீதமாக உயர்ந்தது.

அதாவது ரூ.100-க்கு வரும் குச்சி, முன்பு வரியோடு ரூ.110. அதுவே ரூ.125 ஆனது. மற்ற வரிகள் தனி.

ஒரே தொழில், 2 பக்கம்

சிக்கல் இங்கேதான். வெளிநாட்டுப் பத்தியைத் தடுத்தால் பத்தி உருட்டுகிறவருக்கு வேலை. குச்சிக்கு வரி போட்டால் திரிபுரா போன்ற வடகிழக்கு மாநிலங்களில் மூங்கில் சீவுகிறவருக்கு வேலை. ஆனால் குச்சியை விலைக்கு வாங்கி பத்தி போடுகிற சின்னப் பட்டறைக்காரருக்கு செலவு கூடும். அவர் ஒன்று பாக்கெட் விலையை ஏத்த வேண்டும், இல்லையென்றால் கூலியில் கை வைக்க வேண்டும்.

ஒருத்தர் விற்கிற சரக்கு, இன்னொருத்தருக்கு மூலப்பொருள். பஞ்சிலும் இதே கயிறு இழுப்புதான். 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு மொத்தம் 11 சதவீதம் வரி வந்தது. விவசாயி வரவேற்றார், மில்காரர் புலம்பினார். 2025 ஆகஸ்டு 19 முதல் டிசம்பர் 31 வரை அந்த வரி நீக்கப்பட்டது. இப்போது விவசாயி புலம்பினார், மில்காரர் வரவேற்றார்!

முடிவு யார் கையில்?

சுங்க வரி முழுக்க முழுக்க மத்திய அரசின் அதிகாரம். புதுச்சேரி சட்டசபை தீர்மானம் போடலாம், முதல்வர் கடிதம் எழுதலாம். வரி போட முடியாது.

பட்ஜெட்டில் மத்திய நிதி அமைச்சர் வரியை ஏத்துவது ஒரு வழி. சொந்த நாட்டில் விற்கும் விலையைவிட மலிவாக இங்கே கொண்டுவந்து கொட்டினால், பொருள் குவிப்பு தடுப்பு வரி போடுவது இன்னொரு வழி. அதற்கு உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் செய்கிறவர்கள் ஆதரவோடு மனு போட வேண்டும். விலை, நஷ்டம் எல்லாவற்றுக்கும் கணக்கு காட்ட வேண்டும். வாசலில் உட்கார்ந்து பத்தி உருட்டுகிற அம்மாவிடம் கணக்குப் புத்தகம் ஏது? சங்கமாகச் சேர்ந்தால்தான் டெல்லியில் காது கேட்கும்.

கோவில்பட்டி தீப்பெட்டிக்காரர்கள் அப்படித்தான் சாதித்தார்கள். பிளாஸ்டிக் லைட்டரால் தீப்பெட்டித் தொழில் படுத்துவிட்டது என்று விடாமல் முறையிட்டார்கள். தமிழக அரசும் கடிதம் எழுதியது. 2023 ஜூன் மாதம், ரூ.20-க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது.

வில்லியனூர் பொம்மைக்கு விலக்கு

வரி மட்டுமே ஆயுதம் இல்லை. ஆசியான் நாடுகளோடு 2010 முதல் நடைமுறையில் இருக்கும் ஒப்பந்தப்படி பல பொருட்களுக்கு சலுகை உண்டு. அந்தச் சரக்குகளை பட்ஜெட் வரி உயர்வு தொடாது. அதனால்தான் லைசென்சு, ஐ.எஸ்.ஐ. முத்திரை என்று வேறு பூட்டும் போடுகிறார்கள்.

பொம்மைக்கு இரண்டும் நடந்தது. 20 சதவீதமாக இருந்த வரி 2020-ல் 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். நம்மூர் கைவினைஞர் அந்த முத்திரைக்கு எங்கே போவார்? பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருட்களைச் செய்ய பதிவு பெற்றவர்களுக்கும் விலக்கு கிடைத்தது. வில்லியனூர் சுடுமண் பொம்மை, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் பெயரைப் பதிவு செய்யாதவருக்கு அந்த விலக்கு கிடைக்காது.

அடுத்த பட்ஜெட் அன்று டி.வி.யில் "இறக்குமதி வரி உயர்வு" என்று ஓடினால் உடனே கை தட்ட வேண்டாம். அது கடையில் நம்ம சரக்கோடு போட்டி போடுகிற பொருளா, இல்லை நம்ம பட்டறைக்குள் போகிற பொருளா என்று பாருங்கள். முதலாவது என்றால் வேலை தப்பும். இரண்டாவது என்றால் அடுத்த சனிக்கிழமை கூலிக் கவரை ஒருமுறைக்கு இரண்டு முறை எண்ணிப் பார்க்க வேண்டி வரும்.