பின்பக்கத் தகட்டுக்குப் பெயின்ட் எதுவரை?

அகலம் ஆறேகால் அங்குலம், உயரம் ஒன்றேமுக்கால் அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் 158.75-க்கு 44.45. இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்ற மதர்போர்டு அளவுத் திட்டம், கேபினெட்டின் பின்பக்கத்தில் இந்த அளவுக்கு ஒரு திறப்பு விடச் சொல்கிறது. அதற்குப் பிறகு செயலிகள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. பிரின்டர் போர்ட் போய் யு.எஸ்.பி. வந்தது, வி.ஜி.ஏ. போய் எச்.டி.எம்.ஐ. வந்தது. திறப்பு மட்டும் மாறவில்லை. சென்னை ரிச்சி தெருவில் இன்று வாங்கும் கேபினெட்டைத் திருப்பிப் பார்த்தாலும் அதே செவ்வகம்தான் கண்ணில் படும்.

அந்தச் செவ்வகத்தை மூடும் மெல்லிய தகட்டுக்கு ஐ.ஓ. ஷீல்டு என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தின் 1984-ஆம் ஆண்டு ஏ.டி. வகைக் கணினிகளில் இதற்குத் தேவையே இருக்கவில்லை. கீபோர்டுக்கான சாக்கெட் மட்டும் போர்டிலேயே இருந்தது. மற்றவையெல்லாம் தனித்தனிக் கார்டுகள் வழியாக வெளியே வந்தன. எல்லா போர்ட்டுகளையும் மதர்போர்டின் ஓரத்துக்கே ஏ.டி.எக்ஸ். கொண்டுவந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரிசையில் போர்ட்டுகளை வைக்கும். கேபினெட் செய்பவர் எந்த வரிசைக்குத் துளை போடுவார்? திறப்பை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, துளையிட்ட தகட்டை அந்தந்த மதர்போர்டுடன் சேர்த்தே கொடுத்துவிடுவது என்று முடிவானது. எளிமையான ஏற்பாடு; முப்பது ஆண்டுகள் தாங்கியிருக்கிறது.

இந்தத் தகட்டை அழகுபடுத்த வேண்டும் என்ற ஆசை பின்னால் வந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு, கேபிள் முதற்கொண்டு வெள்ளை என்று கணினியை இழைத்து இழைத்து அசெம்பிள் செய்பவர்களுக்கு, பின்பக்கம் சாம்பல் நிறத்தில் பல்லைக் காட்டும் தகரம் உறுத்தத்தான் செய்யும். கடையின் கல்லாவிலோ அலுவலக வரவேற்பு மேசையிலோ வருகிறவர் முதலில் பார்ப்பதே கணினியின் முதுகைத்தான். மதர்போர்டு நிறுவனங்களுக்கும் இது புரிந்தது. ஏசுஸ் 2011-இல் விற்ற சேபர்டூத் பி67 போர்டின் பெரும்பகுதியைக் கவசம் போன்ற உறை ஒன்று மூடியிருந்தது. பின்னர் வந்த விலை உயர்ந்த போர்டுகளில் ஷீல்டைக் கறுப்பாக்கி, எழுத்துகள் அச்சிட்டு, போர்டிலேயே பொருத்தி அனுப்பத் தொடங்கினார்கள். விலை குறைந்த போர்டுகளோடு தனித் தகடு வருவது இன்னும் நிற்கவில்லை. ஸ்ப்ரே கேன், வினைல் ஸ்டிக்கர், பவுடர் கோட்டிங் என்று ஆளாளுக்கு இறங்குவது இந்தத் தகட்டில்தான்.

இந்த வேலைக்கு வேண்டிய தொழில்கள் எல்லாம் நெருங்கிக் கிடக்கும் வட்டாரம் திருவள்ளூர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி ஆலைகளும் இருக்கின்றன. காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகள், 2018 வரை இந்த மாவட்டத்திலேயே இருந்த அம்பத்தூர் எஸ்டேட் என்று ஷீட் மெட்டல் வேலைக்குப் பழகிய கைகளுக்குக் குறைவில்லை. மோட்டார் வாகன உதிரிபாகத்துக்கும் மின்சாரப் பேனல் பெட்டிக்கும் அன்றாடம் செய்யும் கட்டிங், பெண்டிங், கோட்டிங் வேலைதான் கையகலத் தகட்டுக்கும் தேவை. அதனால் தகட்டைக் கறுப்பாக்க முடியுமா என்ற கேள்வியே இங்கே எழாது. எந்த இடத்தைக் கறுப்பாக்கக் கூடாது என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

மைக்கேல் ஃபாரடே 1836-இல் லண்டனில் பன்னிரண்டடிக் கனசதுரமாக ஒரு கூண்டு செய்து, அதன் மேற்பரப்பில் உலோகத்தைப் பரப்பி, உயர் மின்னழுத்தம் ஏற்றினார். வெளிப்புறத்தில் மின்பொறி பறந்தது. உள்ளே இருந்த அவருடைய கருவிகளில் எந்த அசைவும் இல்லை. கணினியின் கேபினெட் அந்தக் கூண்டின் வாரிசு. இங்கே சத்தம் உள்ளிருந்து வருகிறது. நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை அணைந்து எரியும் மின்சுற்றுகள் ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. அவை வெளியேறாமல் உலோகச் சுவர் தடுக்கிறது. இதற்குத் தடித்த சுவர் எதுவும் தேவையில்லை. ஒரு கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் செம்புக்குள் மின்னோட்டம் இரண்டு மைக்ரான் ஆழத்துக்குத்தான் கணிசமாக இறங்குகிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தகடே தாராளமாகப் போதும்.

ஆபத்து சுவரில் இல்லை, திறப்பில் இருக்கிறது. தொட்டியில் விழுந்த விரிசலில் தண்ணீர் கசியும் அளவை அதன் பரப்பு தீர்மானிக்கும். ரேடியோ அலைக்கு அந்தக் கணக்கு செல்லாது; நீளம்தான் கணக்கு. உலோகத்தில் நீண்ட ஒரு பிளவு இருந்தால், அதே நீளமுள்ள கம்பி ஆன்டெனாவைப் போலவே அது அலையை வீசும். 1946-இல் ஹென்றி புக்கர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ரேடார்களில் இன்றும் பிளவு ஆன்டெனாக்கள் வேலை செய்கின்றன. பிளவின் நீளம் அலைநீளத்தில் பாதியாகும்போது கசிவு மிக எளிதாகிறது.

இப்போது 158.75 மில்லிமீட்டருக்குத் திரும்பலாம். அது பாதி அலைநீளம் என்றால் முழு அலைநீளம் 317.5 மில்லிமீட்டர். அதற்குரிய அதிர்வெண் ஏறத்தாழ 944 மெகாஹெர்ட்ஸ். கைபேசிக் கோபுரங்கள் பயன்படுத்தும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள்ளேயே அது விழுகிறது. தகடு இல்லாத கேபினெட் திறப்பு, யாரும் திட்டமிடாமலேயே நல்ல ஆன்டெனாவாக அமைந்துவிடுகிறது. தகட்டைப் பொருத்தியதும் அந்த ஒற்றை நீளம் சிறு சிறு துளைகளாக உடைகிறது. திறப்பின் நீளத்தை அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்குள் வைத்தால் கசியும் ஆற்றல் நூற்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. வைஃபையும் புளூடூத்தும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த அளவு சுமார் ஆறு மில்லிமீட்டர்.

தகட்டின் ஓரங்களில் வில்போல வளைந்து நிற்கும் சிறு விரல்களுக்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. அசெம்பிள் செய்பவரின் கையைக் கீறுவதாலும், அவசரத்தில் நெட்வொர்க் போர்ட்டுக்குள் புகுந்துகொள்வதாலும் அவற்றுக்கு நல்ல பெயர் கிடையாது. எரிச்சலில் அவற்றை ஒடித்துப் போடுகிறவர்களும் உண்டு, செய்யக்கூடாத வேலை. விரல்கள் குறுகிய இடைவெளிகளில் கேபினெட்டின் உலோகத்தை அழுத்தித் தொடுகின்றன. சில விரல்கள் போர்ட்டுகளின் உலோக உறையைத் தொடுகின்றன. தொடும் ஒவ்வொரு இடமும் நீளமான பிளவைத் துண்டாக்குகிறது.

தகட்டை முன்னும் பின்னும் ஓரமுமாக முழுவதும் பெயின்ட் அடித்துவிட்டால் என்ன ஆகும்? பவுடர் கோட்டிங் படலத்தின் தடிமன் பெரும்பாலும் 60 முதல் 80 மைக்ரான். ஒரு தாளின் கனம் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது. விரல் கேபினெட்டைத் தொடுவதுபோலத் தெரியும், ஆனால் தொடர்பு அறுந்திருக்கும். பார்வைக்கு இம்மி இடைவெளியும் இல்லாத தகட்டைச் சுற்றி, ஆறேகால் அங்குல நீளத்துக்கு, ரேடியோ அலைக்கு மட்டும் தெரியும் பிளவு ஒன்று உருவாகிவிடுகிறது. அலுமினியத் தகட்டை அனோடைஸ் செய்தாலும் இதே கதைதான். அனோடைஸ் படலம் அலுமினிய ஆக்சைடு. அதுவும் மின்கடத்தாப் பொருள்.

ஷீல்டு இல்லாமலும் கணினி ஓடும், அதை மறைக்க வேண்டியதில்லை. பாதிப்பு பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவற்றில்தான் தெரியும். யு.எஸ்.பி. 3.0 சாதனங்களும் இணைப்பிகளும் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் விழுவதை 2012-இல் இன்டெல்லே ஓர் ஆய்வறிக்கையில் அளந்து வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்கை மாட்டியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுவது இதனால்தான். இணைப்பிகளுக்கும் சாதனங்களுக்கும் உலோகக் கவசத்தைச் சரியாக அமைப்பதும் அந்த அறிக்கை சொன்ன தீர்வுகளில் ஒன்று. பிரச்சினை பழையது. வீட்டுக் கணினிகள் அக்கம்பக்கத்து டி.வி.யில் கோடு விழச் செய்ததால், 1979-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் கணினிகளுக்கென்றே கதிர்வீச்சு வரம்பைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து அட்டாரி 800 கணினியின் உள்ளே கனத்த அலுமினிய வார்ப்புக் கவசமே இருந்தது.

இன்னொரு காரணம் நிலைமின்சாரம். ஏ.சி. அறையில் நடந்து வந்து போர்ட்டைத் தொடும் விரலிலிருந்து சுருக்கென்று ஒரு பொறி பாய்கிறது என்றால், உடலில் சில ஆயிரம் வோல்ட் ஏறியிருக்கிறது என்று பொருள். கருவிகளைச் சோதிக்கும் சர்வதேசத் தரத்தில் 8,000 வோல்ட் நேரடி மின்பாய்ச்சலும் ஒரு கட்டம். அந்தப் பொறி போர்ட்டின் உறை, ஷீல்டின் விரல், கேபினெட், எர்த் என்று வெளியே வடிய வேண்டும். விரலில் பெயின்ட் இருந்தால், அது மதர்போர்டின் வழியாக வேறு பாதை தேடும். தமிழ்நாட்டில் இவற்றையெல்லாம் முறையாக அளக்கும் வசதி தரமணியில் இருக்கிறது; மத்திய அரசின் சமீர் நிறுவனத்தினுடைய மின்காந்தவியல் மையம் அங்கேதான் இயங்குகிறது.

ஆக, எல்லை தெளிவு: வெளிமுகம் அழகுக்கு, விரலும் விளிம்பும் உட்பக்கமும் வெற்று உலோகமாக. இந்த எல்லையைக் காப்பது பவுடர் கோட்டிங் கடைக்குப் புதிய வேலையல்ல. எர்த் கம்பி இணைக்கும் இடத்தை மறைத்துவிட்டுத்தான் பேனல் பெட்டிக்குக் கோட்டிங் அடிப்பார்கள். எண்ணெய்ப்பசை போக்கி, பாஸ்பேட் செய்து, உலர்த்தி, மின்னேற்றிய பொடியைத் தூவி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடான ஓவனில் வைக்கிறார்கள். தகட்டின் மேல் பூசிய வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும் என்பதால் அதற்கு ஆபத்தில்லை. சில ஷீல்டுகளின் உட்புறம் ஒட்டியிருக்கும் நுரைப் பட்டை இந்தச் சூட்டைத் தாங்காது. அதை முதலிலேயே உரித்துவிட வேண்டும். துளைகளின் விளிம்பில் பொடி திரண்டால் எச்.டி.எம்.ஐ. போர்ட் உள்ளே நுழைய மறுக்கும். சூடு தாங்கும் மாஸ்கிங் டேப்பை விளிம்பிலும் ஒட்டச் சொல்வது அதனால் அவசியம்.

நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் செலவு குறையும். ஒற்றைத் தகட்டுக்காக எந்தக் கடையும் பொடி தூவும் துப்பாக்கியைக் கழுவி நிறம் மாற்றாது. ஆர்.ஏ.எல். நிற வரிசையில் பேனல் பெட்டிகளுக்கு 7035 லைட் கிரே, இயந்திர உறைகளுக்கு 9005 ஜெட் பிளாக் என்று அன்று ஓடும் நிறத்தோடு இதையும் தொங்கவிட்டால் இரு தரப்புக்கும் சுலபம். அச்சிட்ட குறியீடுகள் மறைந்துபோகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1998-இல் வெளியான பி.சி. 99 வழிகாட்டி கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்று வகுத்த நிறங்கள் சாக்கெட்டிலேயே இருப்பதால் ஓரளவு கைகொடுக்கும். யு.எஸ்.பி., நெட்வொர்க் போன்றவற்றுக்கு லேசர் மார்க்கிங் நல்லது. கோட்டிங்கை மட்டும் எரித்து, அடியில் உள்ள உலோகத்தையே எழுத்தாகக் காட்டும்.

முழுத் தகட்டையும் புதிதாகச் செய்துகொள்ள விரும்புகிறவர்களும் உண்டு. அதைவிட நல்ல வழி, அசல் ஷீல்டை அதன் இடத்தில் விட்டுவிட்டு, லேசரில் வெட்டிய மெல்லிய மேல்தகடு ஒன்றை அதன் முகத்தில் ஒட்டுவது. காப்பு அப்படியே இருக்கும், மேலே எந்த வேலைப்பாடும் செய்யலாம். 3டி பிரின்ட் எடுத்த பிளாஸ்டிக்கும் மேல்தகடாக மட்டுமே உதவும். பிளாஸ்டிக் வழியாக ரேடியோ அலை தடையின்றிப் போகும், அதிலும் பி.எல்.ஏ. வகை 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். திருவள்ளூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், கிராபிக்ஸ் கார்டின் வெப்பக் காற்று பக்கத்திலேயே வீசும் இடத்துக்கு அது ஒத்துவராது. பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். புதிதாக வெட்டிய இரும்பின் விளிம்பை உப்புக்காற்று விரைவில் துருவாக்கும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடே மேல்.

இது பொழுதுபோக்குக்காரர்களோடு முடிகிற விஷயமும் இல்லை. டெல் நிறுவனம் 2007-லிருந்து ஸ்ரீபெரும்புதூரில் கணினி தயாரிக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்து மாநெல்லூர் சிப்காட், மத்திய அரசின் மின்னணு உற்பத்தித் தொகுப்புத் திட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற மின்னணு உதிரிபாகத் திட்டத்தில், கணினிகளுக்கான உலோக, பிளாஸ்டிக் உறைகளும் ஊக்கத்தொகைக்கு உரியவை. இப்படி வளரும் தொழிலுக்கு உறை செய்து கொடுப்பது, பேனல் பெட்டி செய்யும் காக்களூர், கும்மிடிப்பூண்டிக் கடைகளுக்குத் திறக்கக்கூடிய ஒரு கதவு. உள்ளே நுழைய, நிறத்தில் காட்டும் கவனத்தை மின்தொடர்பிலும் காட்ட வேண்டும். சின்ன ஆர்டர் என்று இந்தத் தகடுகளைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிச் செய்வது அதற்கு நல்ல பயிற்சி.

தகட்டைக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள், பெயின்ட் படக்கூடாத இடங்களை மார்க்கர் பேனாவால் குறித்துக் கொடுங்கள். திரும்பி வந்ததும் கேபினெட்டில் பொருத்தி, மதர்போர்டை மாட்டுவதற்கு முன், மல்டிமீட்டரின் ஒரு முனையை ஷீல்டின் விரலிலும் மறுமுனையை கேபினெட்டின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூ ஒன்றிலும் வையுங்கள். பீப் ஒலி வந்தால் வேலை சுத்தம். வராவிட்டால், கேபினெட் விளிம்பிலும் பெயின்ட் இருக்கிறதா என்று பார்த்து, தொடும் இடங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மீண்டும் சோதியுங்கள்.