மனநோயாளி சாப்பிட்டாரா?

மனநலப் பிரிவில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவரின் எடையைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. எத்தனை வருஷ நோய், என்னென்ன மாத்திரை என்று வீட்டார் மளமளவெனச் சொல்வார்கள். "கடைசியாக வயிறாரச் சாப்பிட்டது எப்போது?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

மனநோய் பல வழிகளில் சாப்பாட்டைக் கெடுக்கிறது. மனச்சோர்வில் பசியே எடுக்காது. மனச்சிதைவு உள்ள சிலருக்குச் சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்ற பயம். குடிநோயாளிகளுக்கோ தயமின் என்கிற பி1 சத்து குறைந்து, நடை தள்ளாடும், புத்தி குழம்பும்.

விஷத்துக்குப் பயந்த ஓர் அம்மா எங்கள் வார்டில் தட்டைத் தொடவே மறுத்தார். ஓடு உடைக்காத அவித்த முட்டையையும் தோலுரிக்காத வாழைப்பழத்தையும் கையில் கொடுத்தோம். முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை என்று தெரிந்ததும் தானே உடைத்துச் சாப்பிட்டார். இப்படிப் பயப்படுகிறவர்களோடு வாதாடிப் பயனில்லை. எதை நம்பிச் சாப்பிடுவார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பட்டினியே மனத்தையும் கெடுக்கும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். சோர்வு, எரிச்சல், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு என்று பலர் மாறிப்போனார்கள். நல்ல மனநிலையில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், நோயாளியின் நிலை என்னவாகும்?

அதற்காக, எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு ஒரே நாளில் வயிறு முட்ட ஊட்டக்கூடாது. அப்படி ஊட்டினால் இன்சுலின் திடீரென்று சுரந்து, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைச் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயத்துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்குக் கிலோவுக்கு 10 கலோரி அளவில்தான் தொடங்குவோம். 40 கிலோ எடையுள்ளவருக்கு நாள் முழுவதற்குமே 400 கலோரி. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்து, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே சில நாட்களில் கூட்டுவோம். சாப்பாட்டைத் தொடங்கும் முன்பே தயமின் கொடுத்துவிடுவோம்.

மருந்துகளையும் கவனிக்க வேண்டும். ஓலான்சபின் போன்றவை பசியைக் கிளப்பி எடையை ஏற்றும். உடம்பு பருத்துவிட்டது என்பதால் சத்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. லித்தியம் சாப்பிடுகிறவர் உப்பைத் திடீரென்று குறைத்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறிவிடும்.

வீட்டில் மனநோயாளி இருந்தால் மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு அந்தக் குறிப்பையும் காட்டுங்கள். பல நாள் சாப்பிடாமல் கிடப்பவரை வீட்டிலேயே தேற்றிவிடலாம் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். மருந்தைப் போலவே சாப்பாடும் அவருக்குச் சிகிச்சைதான்.